நத்தை ஓட்டைப் பார்த்துப் பாத்தி கட்டாதீர்கள்

இதைப் படித்துவிட்டு எங்கள் கல்லூரி இயற்கைக் கழக நண்பர்கள் சில நாளைக்கு என்னோடு டீ குடிக்க வரமாட்டார்கள். பரவாயில்லை, காசு மிச்சம். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம், எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

எங்கள் நூலகத்துக்குப் பின்னால் ஒரு கற்குவியல் கிடக்கிறது. முதலாம் ஆண்டு மாணவர்கள் அதைப் பழைய கட்டடம் இடிந்த மிச்சம் என்று நினைக்கிறார்கள். இடிபாடு இல்லை ஐயா, அது ஒரு "மூலிகைச் சுருள்". 2023 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு முப்பது பேர் சேர்ந்து கட்டினோம். நானும் கல் சுமந்தவன்தான், அதனால் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு. நத்தை ஓடு மாதிரி வளைந்து வளைந்து மேலே ஏறும் பாத்தி. உச்சியில் ரோஸ்மேரி, நடுவில் துளசியும் ஓமவல்லியும், அடியில் புதினா. திறப்பு விழா, ரிப்பன், செல்ஃபி எல்லாம் அமோகமாக நடந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர் திரையில் படம் படமாகக் காட்டியிருந்தார். நாட்டிலஸ் ஓடு, சூரியகாந்திப் பூ, விண்ணிலிருந்து எடுத்த புயல், கடைசியில் ஒரு விண்மீன் மண்டலம். இயற்கை எப்போதும் சுருளாகத்தான் யோசிக்கிறது, நாமும் அப்படியே யோசிப்போம் என்றார். புல்லரித்துப்போய்க் கைதட்டினோம். விண்மீன் மண்டலத்துக்கும் புதினாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மே மாதம் அது செத்தது. முதலில் ரோஸ்மேரி, பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக. விடுதியில் தங்கியிருந்த நாங்கள் நாலு பேர் முறைவைத்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை குழாய் பிடித்தோம். ஊற்றிய தண்ணீர் கல் இடுக்கு வழியாக ஓடிவிடும், பத்து நிமிடத்தில் மேல்மண் வெளுத்துவிடும். ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தக் கல்மேல் உட்காரப் போய்த் துள்ளி எழுந்தேன். இருட்டிய பிறகும் அடுப்பங்கரைத் திண்டு மாதிரி கொதித்தது.

அதே மே மாதம், அங்கிருந்து ஐம்பது அடி தள்ளி, கேண்டீனில் பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியே வரும் பள்ளத்தில், யாரும் நடாத சேம்பும் யாரோ எப்போதோ வைத்த வாழையும் கொழுகொழுவென்று நின்றன. நிழலுக்கு ஒரு வேம்பு, தண்ணீர் தானாக வந்து சேரும் பள்ளம். இயற்கை அங்கே எங்களுக்கு இலவசமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் தாண்டிப் போய் விண்மீன் மண்டலம் கட்டியிருக்கிறோம்!

நான் சொல்ல வருவது இதுதான். இயற்கையில் இருக்கும் ஒரு உருவத்தைக் காப்பியடிப்பது ஒன்று. அந்த உருவம் அங்கே ஏன் வந்தது, என்ன வேலை செய்கிறது என்று கேட்டு, அந்த வேலையை நம் இடத்தில் எது செய்யுமோ அதைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. பெர்மாகல்ச்சர் என்ற பெயரில் இங்கே நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலும் முதலாவதைத்தான் விற்கிறார்கள். அது அழகாக இருக்கிறது, போட்டோவில் நன்றாக விழுகிறது, கூட்டம் சேர்கிறது. ஆனால் விவசாயி ஒருவர் அதை நம்பிச் சொந்த நிலத்தில் இறங்கும்போது விளையாட்டு வினையாகிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த நாட்டிலஸ் கணக்கை முடித்துவிடுவோம். "தங்க விகிதச் சுருள்" என்று எல்லா ஸ்லைடிலும் நாட்டிலஸ் ஓட்டைப் போடுகிறார்கள். தங்கச் சுருள் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் ஓடு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மடங்குதான் விரிகிறது. அதாவது அது மடக்கைச் சுருள்தான், ஆனால் தங்கச் சுருள் இல்லை. உள்ளே இருக்கும் பிராணி தன் உருவம் மாறாமல் பெரிதாக வேண்டும், அதற்கு அந்தச் சுருள் வசதி, அவ்வளவே. சூரியகாந்தியின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு புது விதையும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை தள்ளி உருவாகிறது. அப்படி வந்தால்தான் இடைவெளி விடாமல் விதைகளை அடுக்க முடியும். 34, 55 என்று நாம் எண்ணும் சுருள்கள் அதன் பக்கவிளைவு. புயல் சுற்றுவது பூமி சுற்றுவதால். ஆக மூன்று சுருள்களுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். "இயற்கைக்குச் சுருள் பிடிக்கும்" என்பது, இட்லியும் நிலாவும் வட்டமாக இருப்பதால் இரண்டுக்கும் ஒரே மாவு என்று சொல்வது மாதிரி.

மூலிகைச் சுருளைக் கண்டுபிடித்தவர் முட்டாளா என்றால், நிச்சயமாக இல்லை. அதைப் பரப்பியவர் பில் மொல்லிசன். அவரும் அப்போது மாணவராக இருந்த டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து 1978-ல் எழுதிய புத்தகத்திலிருந்துதான் பெர்மாகல்ச்சர் என்ற சொல்லே ஊர் ஊராகப் போனது. அவர்கள் வாழ்ந்தது டாஸ்மேனியாவில். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டிலிருந்து நாற்பது பாகைக்கும் கீழே இருக்கும் குளிர்ந்த தீவு. அங்கே பகல் வெயிலைக் கல்லில் சேமித்து இரவில் செடிக்குக் கொடுப்பது பெரிய உபகாரம். மண்ணை உயர்த்தினால் குளிர்காலத்தில் வேர் ஊறி அழுகாது. உச்சியில் காய்ந்த மண், அடியில் ஈர மண், ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்று சின்ன இடத்தில் நாலைந்து தட்பவெப்பம் கிடைக்கும். ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு இதைக் கட்டுகிறார்கள் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது.

நம் ஊரில் கல் இரவில் சூடு கொடுக்கவில்லை என்று எந்தச் செடி அழுதது? இங்கே உள்மாவட்டங்களில் வெயிலும் காற்றும் ஒரு திறந்த தொட்டியிலிருந்து வருடத்தில் குடித்துவிடும் தண்ணீர், அந்த வருடம் பெய்யும் மழையைவிட அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் மண்ணை உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுக்குக் காட்டி, சுற்றிலும் சூடேறும் கல்லை அடுக்கினால், அதற்குச் சரியான பெயர் செடி உலர்த்தி.

இதே கதைதான் "சூரியப் பொறி" என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதற்கும். மரங்களைக் குதிரை லாட வடிவில் நட்டு, திறந்த வாயைச் சூரியன் பக்கம் வைத்து வெயிலைச் சிறைபிடிப்பது. வட நாடுகளில் வாய் தெற்கே பார்க்க வேண்டும். மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது, மீதி நாளில் தெற்கே. எந்தப் பக்கம் வாய் வைப்பது? அதைவிடப் பெரிய கேள்வி, மதுரையில் வெயிலைச் சிறைபிடிக்க வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்? நமக்கு வேண்டியது மேற்குப் பக்கம் சாயங்கால வெயிலை மறைக்கும் மரமும், ஆடிக்காற்றை உடைக்கும் வேலியும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தால் சரியாக வரும்.

உயரப் பாத்தியே தப்பு என்று சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கும் லெசோத்தோவில் சாவித்துளைத் தோட்டம் என்று ஒன்று பிரபலம். வட்டமான கல்சுவர், ஒரு பக்கம் உள்ளே போக வெட்டு, நடுவில் மட்கு போடும் கூடை. மேலிருந்து பார்த்தால் சாவித்துளை மாதிரி தெரியும். அந்த நாடு முழுக்கவே 1000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, குளிர்காலத்தில் பனி விழும். அங்கே கல் சூட்டுக்கு வேலை இருக்கிறது. வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரை நடுக்கூடையில் ஊற்றுகிறார்கள், அது உள்ளிருந்து வெளியே ஊறிப் போகிறது. குனிய முடியாத வயதானவர்கள் நின்றபடியே வேலை செய்யலாம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் கல்லூரிச் சுருளில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு செல்ஃபி இருக்கிறது.

வறண்ட நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சூனி பழங்குடிகள் கட்டிய தோட்டம் சின்னச் சின்னச் சதுரக் குழிகள், சுற்றிலும் களிமண் கரை. வேஃபிள் என்று கட்டம் கட்டமாக ஒரு பலகாரம் இருக்கிறதே, அதன் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஊற்றும் ஒரு குடம் தண்ணீர் அந்தக் கட்டத்தைத் தாண்டாது, கரை காற்றை மறைக்கும். புர்கினா ஃபாசோவில் ஜாய் குழி. ஒரு முழத்துக்கும் குறைவான அகலம், ஒரு சாண் ஆழம், உள்ளே ஒரு கை எரு. எருவுக்கு வரும் கரையான் இறுகிப்போன தரையைத் துளைத்துவிடும், மழை வந்ததும் தண்ணீர் அந்தத் துளை வழியாக உள்ளே இறங்கும். நாம் கரையானைக் கண்டால் மருந்தைத் தேடுகிறோம், அவர்கள் எரு வைத்துக் கூப்பிடுகிறார்கள்! யாகூபா சவாடோகோ என்ற விவசாயி இந்தப் பழைய முறையைச் சீர்படுத்திப் பொட்டல் காட்டில் மரங்களையே வளர்த்துக் காட்டி, 2018-ல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருதை வாங்கினார். 2023-ல் காலமாகிவிட்டார்.

சதுரம் இயற்கையில் எங்கே இருக்கிறது? அநேகமாக எங்கேயும் இல்லை. ஆனால் அந்தச் சதுரக் குழி எங்கள் சுருளைவிட ஆயிரம் மடங்கு இயற்கைக்கு நெருக்கமானது. தண்ணீர் பள்ளத்தில் சேரும், காற்று படாத இடத்தில் ஈரம் தங்கும், சருகு அங்கேதான் போய் ஒதுங்கும். அந்த மூன்றையும் அது பின்பற்றுகிறது. நம் வீட்டுக் கொல்லையில் பாட்டி போடும் கீரைப் பாத்தியும் அதே சதுரம்தான். அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட்டுச் சுருள் கட்டப் போன கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதுதான் வெட்கம்.

இனி அந்தக் கதை.

என் அறைத்தோழனின் ஊர் சிவகங்கை மாவட்டத்தில். மூன்றரை ஏக்கர் புன்செய், செம்மண். அவன் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் அந்த நிலத்தைத் தோட்டமாக்கிவிட வேண்டும் என்பது அவருடைய இருபது வருடக் கனவு. மகன் கல்லூரியில் சுருள் கட்டிய பெருமையைக் கேட்டுத்தான் பெர்மாகல்ச்சர் என்ற பெயரே அவர் காதில் விழுந்தது. அந்தப் பாவத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. 2024 மே மாதம் ஒரு வடிவமைப்பாளரை அழைத்து வந்தார். அவர் அரை நாள் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, பத்து நாளில் ஒரு வண்ணப் படம் அனுப்பினார். நாற்பதாயிரம் ரூபாய். படத்தை நான் பார்த்தேன். நிஜமாகவே அழகு. நடுவில் தாமரை மாதிரி பன்னிரண்டு சாவித்துளைப் பாத்திகள், சுற்றிலும் வட்டம் வட்டமாகப் பழ மரங்கள், மேல் ஓரத்தில் சம உயரத்தில் ஒரு நீர்த்தாங்கு அகழி, தாழ்ந்த பக்கத்தில் கரை போட்ட ஒரு குளம். அப்பா அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டார்.

ஆகஸ்டில் ஜேசிபி வந்து இரண்டு நாள் வேலை செய்தது.

அந்தத் "தாழ்ந்த பக்கம்" ஒரு ஓடை. வருடத்தில் நாலைந்து நாள் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. மற்ற நாளில் பார்த்தால் லேசாகக் குழிந்த வெறும் தரை, ஆடு மேயும். மேலே இருக்கும் நாற்பது ஐம்பது ஏக்கர் மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. புலப்படத்தில்கூட அது கோடு போட்டுக் கிடக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. குளத்தின் கரை அதற்குக் குறுக்கே எழும்பி நின்றது.

அக்டோபரில் முதல் மழை. கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மறுநாள் காலையில் ஐந்தாறு பேர் வாசலில். "என்னப்பா இது, வரத்துக்காலை மறிச்சுட்டு நீ மட்டும் குளம் வெட்டிக்கிட்டா கீழ இருக்குறவன் என்னத்தக் குடிப்பான்?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அப்பாவிடம் பதில் இல்லை. அவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை, படத்தில் ஊர்க் கண்மாயே கிடையாது. வேலியோடு படம் முடிந்துவிடுகிறது.

அடுத்த வாரம் பெருமழை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரை உடைந்தது. குளத்து மண், வட்டம் வட்டமாக நட்ட மாங்கன்றுகள், தாமரையின் நாலு இதழ்கள் எல்லாம் பக்கத்து வயலில் போய்ப் படுத்துக்கொண்டன. பக்கத்து வயல்காரருக்கு நட்டஈடு கொடுத்தது தனிச் செலவு.

தீபாவளி லீவில் நான் போயிருந்தபோது தோழனின் அப்பத்தா எங்கள் இருவரையும் உடைந்த கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எண்பது வயதிருக்கும், எங்களைவிட வேகமாக நடந்தார். கரையோரம் குந்தி உட்கார்ந்துகொண்டு கையை நீட்டிக் காட்டினார். "இந்தா பாரு அப்பு, இங்க கோரை மண்டிக் கெடக்கு. அந்த மேட்டுல ஆவாரை. தண்ணி எங்க நிக்கும் எங்க நிக்காதுன்னு செடி சொல்லுதுல்ல? அந்தத் தம்பி வைகாசியில வந்து கட்டம் போட்டுட்டுப் போயிருச்சு. ஐப்பசியில ஒருநா வந்து நின்னிருந்தா காலு நனைஞ்சிருக்கும்." தோழன், "நீ அப்பவே சொல்ல வேண்டியதுதான அப்பத்தா" என்றான். "எவன்டா என்னையக் கேட்டான்?" என்றார்.

இப்போது அந்த வடிவமைப்பாளர் போனில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கரையை இன்னும் உயர்த்தி, உள்பக்கம் கல் பதித்துக் கட்டிவிட்டால் உடையாதாம். ஒன்றரை லட்சம் ஆகும். அப்பா நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் உடனடிக் காரணம். தோழன் இதை அச்செடுத்து அவரிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அப்பா, தயவுசெய்து வேண்டாம்ப்பா. அந்தக் கரை எவ்வளவு பலமாக நிற்கிறதோ அவ்வளவுக்கு ஊரோடு பகை.

இந்த மாவட்டங்களில் இயற்கையின் வடிவம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் கண்மாய்களைக் காட்டுவேன். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. வானிலிருந்து பார்த்தால் மரக்கிளை மாதிரி பிரியும் ஓடைகள், அந்தக் கிளைகளின் மேல் பிறை பிறையாகக் கண்மாய்கள். ஒன்று நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். சங்கிலி மாதிரி ஊர் ஊராகக் கோத்திருக்கும். ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும் நாட்டில், ஓடும் தண்ணீரை மறிக்காமல் நடக்கவைக்கும் ஏற்பாடு அது. கரை ஏன் பிறை வடிவம்? அழகுக்கு இல்லை. சரிவில் சம உயரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கரை தானாக வளைகிறது. ஆஸ்திரேலியாவில் பி. ஏ. யோமன்ஸ் என்பவர் 1954-ல் "கீலைன்" என்று ஒரு முறையைப் புத்தகமாகப் போட்டார். பள்ளத்தாக்கில் செங்குத்துச் சரிவு தணிந்து சமனாக மாறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தண்ணீரை மேட்டுப் பக்கம் திருப்பும் வித்தை. மொல்லிசன் கூட்டம் இவரிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டது. யோமன்ஸின் கோடுகளும் நம் கண்மாய்க் கரையும் ஒன்றுபோல இருக்காது, நில அமைப்பே வேறு. ஆனால் இரண்டும் நிலத்திடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பிறந்தவை.

உடனே "பார்த்தாயா, நம் முன்னோர் எல்லாம் தெரிந்தவர்கள்" என்று ஒரு கும்பல் கிளம்பும். அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கண்மாய் மடையை யார் திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர், மராமத்து வேலைக்கு யார் மண் சுமப்பது என்பதில் சாதி எப்படி விளையாடியது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். தண்ணீரின் போக்கைப் படித்தவர்கள்தான் சக மனிதனை அப்படி வைத்திருந்தார்கள். பழையது என்பதற்காகக் கும்பிட வேண்டாம். தண்ணீர்க் கணக்கு சரியாக இருக்கிறதா, அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நீர்த்தாங்கு அகழி பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைக்கு எந்தத் திட்டப் படத்திலும் அது இல்லாமல் இருப்பதில்லை, கல்யாணப் பந்தியில் அப்பளம் மாதிரி. தண்ணீர் உறிஞ்சும் மண்ணில், மெல்லிய சரிவில், மரத்தோப்புக்கு அது அருமையான முறை. சந்தேகமில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் அதையே வெட்டினால்? கரிசல் நனைந்ததும் உப்பி மூடிக்கொள்ளும், தண்ணீர் இறங்காமல் நாள்கணக்கில் நிற்கும், ஓரத்தில் வைத்த பப்பாளியும் முருங்கையும் வேர் அழுகிச் சாகும். ஹைதராபாத் பக்கத்தில் இருக்கும் இக்ரிசாட் ஆய்வு நிலையம் கரிசலுக்கென்று பரிந்துரைத்தது அகலப் பாத்தியும் சாலும். உபரித் தண்ணீர் மெதுவாக வடிந்து வெளியேற லேசான வாட்டத்தோடு போடுவது. தஞ்சாவூர் டெல்டாவில் பிரச்சினையே வடிகால்தான். கொடைக்கானல் மாதிரி செங்குத்துச் சரிவில் அகழி வெட்டித் தண்ணீரை உள்ளே இறக்குவது, மலையையே ஊறவைத்துக் கீழே தள்ள அழைப்பு வைப்பது. ஒரே அகழி, நாலு மண்ணில் நாலு முடிவு.

"மண்டலம்" என்று வீட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகப் போடுவதும் அப்படித்தான். தினம் பறிக்கும் கீரை வீட்டுப் பக்கத்தில், எப்போதாவது போகும் மரக்காடு தூரத்தில். நல்ல யோசனை. ஆனால் ஆஸ்திரேலிய விவசாயியின் வீடு அவன் நிலத்துக்கு நடுவில் நிற்கிறது. நம் ஆளின் வீடு ஊருக்குள், நிலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. நிலத்துக்கு நடுவில் இல்லாத வீட்டைச் சுற்றி வட்டம் போட்டால், அந்த வட்டம் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுத்தொழுவத்தில் போய் விழும்.

இதற்கு எங்கள் கழகத்தில் மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். முதலாவது, "புத்தகத்திலேயே முதலில் கவனி என்றுதானே இருக்கிறது". உண்மை. ஹோம்கிரன் 2002-ல் எழுதிய பன்னிரண்டு கொள்கைகளில் முதலாவதே அதுதான். ஏழாவது, பெரிய ஒழுங்கைப் பார்த்துவிட்டு அப்புறம் நுணுக்கத்துக்குப் போவது. அதற்கு அவர் போட்ட அடையாளப் படம் சிலந்தி வலை. சிலந்தியைப் பாருங்கள், ஒரே மாதிரி வலைதான் கட்டும், ஆனால் எந்த இரண்டு வலையும் ஒன்றில்லை. கிடைத்த கிளைக்கு ஏற்ப முதல் நூலை மாற்றிக் கட்டும். ஆக என் சண்டை புத்தகத்தோடு இல்லை. 72 மணி நேரப் பாடத்திட்டத்தை முடித்ததும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அரை நாளில் ஒரு நிலத்தைக் "கவனித்து" முடிப்பவர்களோடுதான். ஒரு மழைக்காலத்தைப் பார்க்காமல் இங்கே ஒரு நிலத்தைப் பார்த்ததாகச் சொல்லவே கூடாது.

இரண்டாவது, "அழகாக இருந்தால்தானே நாலு பேர் வருவார்கள்". வரட்டும். வந்தவர்கள் செத்த ரோஸ்மேரியைப் பார்த்துவிட்டு, இயற்கை விவசாயமே இப்படித்தான் என்று முடிவு கட்டிப் போகிறார்கள். எங்கள் தாவரவியல் துறையிலேயே ரெண்டு பேர் அப்படிச் சொன்னதை என் காதால் கேட்டேன். மூன்றாவது, "சோதனை செய்து தோற்றால் என்ன". கல்லூரி வளாகத்தில் தோற்றால் ஒன்றும் இல்லை, நாங்கள் தோற்றது நல்லதே. ஆனால் தோற்றதை யாரிடமும் சொல்லவில்லையே! கழகத்தின் ஆண்டறிக்கையில் இன்னமும் அந்தச் சுருள் பச்சையாக இருக்கும் படம்தான் வருகிறது. 2023 பிப்ரவரியில் எடுத்தது. அந்தப் படத்தைத்தான் தோழனின் அப்பாவும் பார்த்தார்.

வளைவே வேண்டாமா என்று கேட்டால், வேண்டிய இடத்தில் வேண்டும். அதே மூன்றரை ஏக்கரின் மேட்டுப் பகுதியில் ஒவ்வொரு கன்றுக்கும் கீழ்ப்பக்கம் பிறை வடிவத்தில் ஒரு சின்ன வரப்பு போட்டால், மேலிருந்து வழிந்து வரும் தண்ணீர் அங்கே கொஞ்சம் நின்று இறங்கும். மண்வெட்டி போதும், ஜேசிபி வேண்டாம். ஓடையை ஓடையாகவே விட்டு, கரையில் பனை விதை ஊன்றி, நடுவில் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் கல்லை அடுக்கி வைத்தால், தண்ணீர் தயங்கித் தயங்கிப் போகும், மண் தங்கும், கண்மாய்க்கும் சேரும். ஓடைக்குப் பக்கத்தில் ஈரம் அதிகமுள்ள பட்டையில் வாழை. தாமரைப் பாத்திக்குப் பதிலாகப் பள்ளப் பாத்தி, சதுரம் சதுரமாக. மேலிருந்து படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. சருகு போட வைக்கோலைத் தேட வேண்டாம், அது மாட்டுக்கு. மாசி பங்குனியில் மரங்கள் தாமாக உதிர்ப்பது போதும், கோடைக்கு முன்னால் தரையை மூட வேண்டும் என்பது வேம்புக்கும் புங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

இதையும் நாங்கள் முடிவாகச் சொல்லவில்லை. வரும் ஐப்பசியில் நானும் தோழனும் இன்னும் இரண்டு பேரும் அங்கே பத்து நாள் தங்குவதாக இருக்கிறோம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்று, ஒரு கட்டு மூங்கில் குச்சி. மழை பெய்யும்போது தண்ணீர் போகும் வழியெல்லாம் குச்சி நடுவது, நின்ற பிறகு எங்கே எத்தனை நாள் ஈரம் இருக்கிறது என்று எழுதுவது. அப்பத்தா வழிகாட்டி. குடை எடுத்துக்கொண்டு யாராவது வருவதென்றால் சொல்லுங்கள், சோறு அவர்கள் வீட்டில்.

அதுவரைக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. நூலகத்துக்குப் பின்னால் கிடக்கும் அந்தக் கற்களை எடுத்துக் கேண்டீன் பள்ளத்தைச் சுற்றி ஒரு தாழ்ந்த வரப்பு கட்ட அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். சேம்பு ஏற்கெனவே இருக்கிறது, கொஞ்சம் புதினாவும் வைக்கலாம். கடிதம் மூன்று வாரமாக அலுவலகத்தில் இருக்கிறது. கழகச் செயலாளரின் கையெழுத்து வேண்டுமாம்.